பாஸ்டரிடம் கணக்குக் கேட்டால் பாவமா?

கேள்வி (வாசகி ஒருவர், ஏப்ரல் 9)

எங்கள் சபையில் கட்டட நிதி என்று நாலு வருடமாக வாங்குகிறார்கள். போன மாதம் என் வீட்டுக்காரர் "இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கு ஐயா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிறு பாஸ்டர் மைக்கில் "அபிஷேகம்பண்ணப்பட்டவனைத் தொடாதே" என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. மாமியார் பயந்துபோய் மூன்று நாளாக உபவாசம் இருக்கிறார். கேட்டது பாவமா? இனி சபைக்கே போகாமல் வீட்டிலேயே ஜெபம் பண்ணினால் என்ன? ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊர்தான் எங்களுக்கு.

ஏப்ரல் 9, இரவு

பாவம் இல்லை தங்கச்சி. முதலில் மாமியாரைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

பாஸ்டர் சொன்னது சங்கீதம் 105, 15ஆம் வசனம். அதை 12ஆம் வசனத்திலிருந்து சேர்த்து வாசியுங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சப் பேராக, பரதேசிகளாக ஊர் ஊராக அலைந்த காலத்தைப் பற்றிய பாட்டு அது. அவர்களை ஒடுக்க நினைத்த ராஜாக்களைக் கடிந்துகொண்டுதான் கர்த்தர் அப்படிச் சொல்கிறார். முந்தின வசனத்திலேயே இருக்கிறது. ஆளும் பேரும் இல்லாத நாடோடிகளுக்காக ராஜாக்களிடம் சொன்ன வார்த்தையை, மைக் பிடித்திருப்பவர் கீழே பாயில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

இன்னொன்றும் வாசியுங்கள், 1 சாமுவேல் 12. இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலை அபிஷேகம் பண்ணி வைத்ததே சாமுவேல்தான். அவர் வயதான காலத்தில் ஜனங்கள் முன்னால் நின்று, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள் என்கிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை. தானாகவே வந்து நின்றார்.

ஏப்ரல் 9, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

வீட்டிலேயே ஜெபம் பண்ணினால் போதுமா என்பதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மாட்டேன். நான் அதைச் செய்து பார்த்தவள். அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

ஏப்ரல் 13

நான் யார், சபைக்காரியா, ஆர்.சி.யா (ரோமன் கத்தோலிக்கரா) என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பிறந்தது தங்கச்சிமடத்தில், ஆர்.சி. குடும்பம். கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரரோடு 11 வருடம் சபை. அப்புறம் 2 வருடம் வீட்டுக் கூட்டம். இப்போது 6 வருடமாகத் திரும்பப் பங்குக் கோயில். மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.

வேலை இதுதான். அவித்த ஓலைக்கால் நண்டைப் பெண்கள் உடைத்துச் சதை எடுப்பார்கள். தட்டில் சதை வரும், எடை போட்டுப் பெயருக்கு நேரே எழுத வேண்டும். ஐம்பது கிராம் குறைத்து எழுதிவிட்டால் போதும், கை ஈரத்தோடு ஜன்னலில் வந்து நிற்பார்கள். "அக்கா, என் தட்டைத் திரும்ப வை." நான் திரும்ப வைப்பேன். சில நாள் என் தப்பாக இருக்கும், சில நாள் அவர்கள் தப்பாக இருக்கும். திருத்தி எழுதிவிட்டு அடுத்த தட்டு. இதில் எனக்கு அவமானமும் இல்லை, அவர்களுக்குப் பயமும் இல்லை.

அப்பா நாட்டுப்படகு வைத்திருந்தார். மீன் ஏலம் முடிந்ததும் மணலில் வட்டமாக உட்காருவார்கள். செலவைக் கழித்துவிட்டு, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு ஒரு பங்கு. முதல் நாள் கடலுக்கு வந்த பையன்கூட "டீசல் எத்தனை லிட்டர் மாமா?" என்று கேட்பான். அப்பா விரல் விட்டுச் சொல்வார்.

எங்கள் ஊரில் பங்கு என்றால் அது. கோயிலுக்கும் பங்கு என்றுதான் பெயர்: பங்குச்சாமி (பாதிரியார்), பங்குப்பேரவை (மக்கள் பிரதிநிதிகள் குழு), பங்கு மக்கள். சொல் ஒன்றுதான். மணலில் பங்கைக் கேட்டால் நியாயம், கோயிலில் கேட்டால் கலகம் என்று எப்படி ஆனது? பல வருடமாக எனக்குள் ஓடுகிற யோசனை இது.

ஏப்ரல் 15

இன்று முதல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது பார்த்தேன், கரையோரம் படகுகள் நெருக்கிக் கட்டிக் கிடக்கின்றன. நாட்டுப்படகுக்குத் தடை இல்லாததால் நண்டு வந்துகொண்டிருக்கும், எனக்கு வேலை உண்டு. மற்ற வீடுகளில் இனி அடகுக் கடைதான்.

என் வளையல் போனதும் இப்படி ஒரு தடைக்காலத்தில்தான். சபையில் கட்டடத்துக்காக உபவாச ஜெபம். கடைசி நாள் பாட்டுக்கு நடுவே எவர்சில்வர் தட்டு வந்தது. பணம் இல்லாதவர்கள் கர்த்தர் கொடுத்ததில் எதையாவது விதையுங்கள் என்றார் பாஸ்டர். எனக்கு முன்னால் இருந்த அம்மா மோதிரத்தைக் கழற்றினார். சோப்பு இல்லாமல் அது வரவில்லை. எச்சில் தொட்டுச் சுழற்றிச் சுழற்றிக் கழற்றினார். நான் இரண்டு வளையலையும் போட்டேன். தட்டில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அழுதுகொண்டே சந்தோஷமாகத்தான் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்தும் அஸ்திவாரத்துக்கு மேல் ஒரு கல் ஏறவில்லை. ஆடு கட்டிக் கிடந்தது. பெண்கள் கூட்டத்தில் மெதுவாகக் கேட்டேன். அடுத்த ஞாயிறு பிரசங்கம் மோசேயின் அக்கா மிரியாமைப் பற்றி. மோசேக்கு விரோதமாகப் பேசினாள், குஷ்டம் பிடித்தது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது "ஸ்தோத்திரம்" என்றேன். பதிலுக்கு ஸ்தோத்திரம் சொல்ல ஆள் இல்லை.

அந்த மாதமே மகனுக்கு டைபாய்டு வந்தது. ஒரு சகோதரி வீடு தேடி வந்து, "ஏன் வந்ததுன்னு யோசிச்சுப் பாரும்மா" என்றார். ராத்திரி முழுக்கப் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு யோசித்தேன். அந்த ராத்திரியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வளையலை எப்போதோ மன்னித்துவிட்டேன்.

மிரியாம் பகுதி எண்ணாகமம் 12. அவள் மோசேயின் மனைவியைச் சாக்காக வைத்துப் பேசினாள், கணக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் குஷ்டம் வந்ததும் கதறி ஜெபித்தது மோசே. அவள் திரும்பி வரும்வரை ஏழு நாள் மொத்தப் பாளயமும் நகராமல் காத்திருந்தது. பிரசங்கத்தில் அந்தக் காத்திருப்பு வரவே இல்லை.

ஏப்ரல் 16, காலை

நேற்று எழுதியதை இப்போது வாசித்தால் அந்தப் பாஸ்டர் கல்மனசுக்காரர் மாதிரித் தெரிகிறது. அது முழு உண்மை ஆகாது. அப்பாவை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது ராத்திரி இரண்டு மணிக்கு. வண்டி பிடித்ததும் அவர்தான், ரத்தம் கொடுத்ததும் அவர்தான், வெளி வராந்தாவில் தரையில் படுத்ததும் அவர்தான். அந்த நன்றி இருந்ததால்தான் இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்தேன். தங்கச்சி, உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். கேள்வி கேட்க முடியாமல் போவதற்குப் பயம் மட்டுமா காரணம், பட்ட கடனும்தான்.

ஏப்ரல் 22

தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று) கொடுக்காவிட்டால் சாபமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அப்படிச் சாபம் சொல்கிற மல்கியா 3ஐ எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அதே புத்தகத்தில் 2ஆம் அதிகாரம் "இப்போதும் ஆசாரியர்களே, இந்தக் கட்டளை உங்களுக்குரியது" என்று தொடங்குகிறது. அதை வைத்து ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

உபாகமம் 14ஐ வாசித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தசமபாகத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் நீயும் உன் வீட்டாரும் சாப்பிட்டுச் சந்தோஷப்படுங்கள் என்று இருக்கிறது. தூரம் அதிகமானால் பணமாக்கிக் கொண்டுபோய் அங்கே வாங்கிச் சாப்பிடலாம். மூன்றாம் வருடத்துப் பங்கு அந்தந்த ஊரிலேயே லேவியனுக்கு (ஆலய ஊழியம் செய்கிற குலத்தானுக்கு), பரதேசிக்கு, திக்கற்ற பிள்ளைக்கு, விதவைக்கு. எங்கள் கரையில் புருஷன் கடலில் போன பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்கள் அந்தப் பட்டியலில் வாங்குகிற இடத்தில் இருக்கிறார்கள். சபையில் அவர்களும் தட்டில் போடுகிறார்கள். புதிய ஏற்பாட்டில் தசமபாகம் என்ற பேச்சே கிடையாது.

ஏப்ரல் 24

மேலே கடைசி வரி தப்பு. ஒரு அண்ணன் எடுத்துக் காட்டினார், அவர் சொல்வது சரி. மத்தேயு 23:23ல் இயேசு தசமபாகத்தைப் பற்றிப் பேசுகிறார். ஒற்தலாமிலும் (புதினா) சீரகத்திலும் பத்தில் ஒன்று கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்கள் என்கிறார். அதையும் செய்ய வேண்டும், இதையும் விடக் கூடாது என்று முடிக்கிறார். எபிரெயர் 7லும் ஆபிரகாம் கொடுத்த தசமபாகம் வருகிறது. அப்போஸ்தலர்கள் புறஜாதி (யூதரல்லாத) சபைகளிடம் பத்தில் ஒன்று என்று விதித்ததாக எங்கும் இல்லை என்பதே நான் சொல்லியிருக்க வேண்டியது.

மே 2

எபிரெயர் 13:17ஐ எனக்குப் பதிலாக மூன்று தடவை இங்கே ஒட்டியிருக்கிறீர்கள், "உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள்" என்று. சரி, நான் அதைக் கிழித்துப் போடவில்லை. அதே வசனத்தில் "உத்தரவாதம்பண்ணுகிறவர்கள்" என்ற சொல்லும் இருக்கிறது. கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்று அர்த்தம். உடனே "அது தேவனுக்கு, உனக்கல்ல" என்பீர்கள். உண்மைதான், ஆத்துமாக்களைப் பற்றிய கணக்கு தேவனுக்கு. செங்கல், சிமெண்டுக் கணக்கு ஏன் எங்களுக்குக் கூடாது?

1 பேதுரு 5ல் மூப்பர்களுக்கே எழுதுகிறார் பேதுரு: அவலட்சணமான ஆதாயத்துக்காக வேண்டாம், இறுமாப்பாய் ஆளவும் வேண்டாம், மந்தைக்கு மாதிரியாக இருங்கள். இந்த இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிற மேய்ப்பருக்கு நான் முழு மனதோடு அடங்குவேன். அடங்குவதில் ஒரு நிம்மதி இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அந்தப் 11 வருடத்தில் நல்ல வருடங்களும் உண்டு.

மே 11

"ஆர்.சி.யில் மட்டும் என்ன வாழுது?" என்கிற கேள்வி நியாயம்.

ஒன்று வாழ்கிறது: எழுதி வைத்திருக்கிறார்கள். 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 212ஆம் எண், மக்கள் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குச் சொல்ல உரிமையும் சில வேளை கடமையும் உண்டு என்கிறது. 537, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. 1287, மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. பங்குப்பேரவை கூடி முடிவு எடுக்கும், சாமியார் அதை நிறைவேற்ற வேண்டும்.

எழுதி வைத்திருப்பது எங்கள் ஜனங்களுக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம். கொடியேற்றத்துக்கு எத்தனை மணிக்குப் பந்தி, சப்பரத்தை யார் தூக்குவது என்பதற்கு அடிதடி வரைக்கும் போவோம். நிதிக்குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் முழிப்போம்.

மே 12

திருத்தம். பேரவை பற்றி நான் எழுதியது தப்பு. 536ஆம் எண்படி பேரவைக்கு ஆலோசனை சொல்லத்தான் இடம் உண்டு, முடிவு பங்குத்தந்தையுடையது. இரண்டு வருடம் பேரவையில் அன்பியப் (அக்கம்பக்கக் குடும்பங்களின் ஜெபக் குழு) பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தும் இது எனக்கு உறைக்கவில்லை. நாங்கள் கைதூக்கியபோதெல்லாம் முடிவு எடுத்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். நல்ல சாமியார் இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. மாறுதலாகி வேறொருவர் வந்ததும் தெரிந்தது.

மே 20

வீட்டிலேயே ஜெபம் பண்ணினால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன்.

சபையை விட்டதும் ஐந்து குடும்பம் சேர்ந்தோம். வியாழக்கிழமை ராத்திரி, ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீடு. பாஸ்டர் கிடையாது, தட்டு கிடையாது. 1 கொரிந்தியர் 14ல் சொன்ன மாதிரி ஒருவர் பாட்டு, ஒருவர் வசனம். என் வாழ்க்கையில் வேதத்தை உண்மையாக வாசித்தது அந்த மாதங்களில்தான். பாசி எடுக்கப் போகும் ஒரு அக்கா, விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டே, மீன் வயிற்றில் கிடந்த யோனாவைப் பற்றிச் சொன்னார்: "கடல்பாசி தலையில சுத்திக்கிச்சுன்னு எழுதியிருக்கு பாருங்க. முங்கினவன்தான் அப்படி எழுத முடியும்." எந்தப் பிரசங்கத்திலும் எனக்கு அப்படி ஒரு வெளிச்சம் கிடைத்ததில்லை.

எட்டாவது மாதம் மெல்ல மாறியது. எங்களில் ஒருவர் நன்றாகப் பேசுவார். அவர் வராவிட்டால் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றானது. அவருக்குப் பிடிக்காத ஒருவரைக் கூப்பிட வேண்டாம் என்றார். 3 யோவானில் தியோத்திரேப்பு என்று ஒருவன் வருகிறான், முதன்மையாயிருக்க விரும்புகிறவன். சகோதரரை அவனும் ஏற்றுக்கொள்ள மாட்டான், ஏற்றுக்கொள்பவர்களையும் தள்ளுவான். அவனுக்கு அங்கியும் இல்லை, மைக்கும் இல்லை. தட்டையும் மைக்கையும் ஒழித்தால் அதிகாரம் ஒழிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். நானும் அவர் பேச்சுக்குத் தலையாட்டினேன் என்பதையும் எழுத வேண்டும்.

அப்புறம் ஒரு சாவு. எங்கள் ஐந்து குடும்பத்தில் ஒரு தாத்தா போய்விட்டார். சபைக்காரர்கள் வர மாட்டார்கள். பங்கில் அவர் பெயரில் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கட்டுவது) ஏழு வருடம் பாக்கி. உடலை வீட்டில் வைத்துக்கொண்டு, யார் குழி வெட்டுவது, எந்தக் கல்லறைத் தோட்டம் என்று மத்தியானம் வரை நின்றோம். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஐஸ் பெட்டி நம் கம்பெனி லோடுக்காரர் கொண்டு வந்தது. கடைசியில் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை வந்து, "பாக்கியை அப்புறம் பேசலாம், முதல்ல ஆளை எடுங்க" என்றார். அவரே மண்வெட்டியும் கொண்டு வந்திருந்தார். சாமியாரும் வந்து மந்திரித்தார் (ஜெபித்து ஆசீர்வதித்தார்).

அடுத்த மாதம் நான் பங்குக்குத் திரும்பினேன். அந்த மத்தியானம்தான் காரணம். ஆனாலும், சாவு வீட்டு வாசலில் வரிப் பாக்கியை முதலில் எடுத்தவர்களை நான் மறக்கவில்லை. பேரவையில் அதைப் பேசினேன். துக்க வீட்டில் பாக்கி கேட்கக் கூடாது என்று நோட்டில் ஏறியது. சாமியாரும் கையெழுத்துப் போட்டார்.

மே 23

கொஞ்சம் விலகிப் போகிறேன். 1693இல் ஓரியூரில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட அருளானந்தரை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வேதாளையில் 1549இல் கொல்லப்பட்ட அந்தோணி கிரிமினாலியை அவ்வளவாகத் தெரியாது. நான் வேலைக்குப் போகிற ரோட்டில் இருக்கிற ஊர் அது. இத்தாலிக்காரர், சேசு சபைத் துறவிகளில் (ஜெஸுவிட்) விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த முதல் மறைசாட்சி. அங்கே இருந்த போர்த்துக்கீசியத் தளபதி ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களிடம் காசு கேட்டதில் சண்டை மூண்டது. படை வந்தபோது கிரிமினாலி பெண்களையும் பிள்ளைகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார். தானும் ஏறியிருக்கலாம். ஏறவில்லை, ஈட்டி பாய்ந்தது.

ஒரே சிலுவையைச் சொல்லிக்கொண்டு வந்த இரண்டு பேர். ஒருவன் வழிப்போக்கனிடம் காசு கேட்டான், இன்னொருவர் ஜனங்களை ஏற்றிவிட்டுக் கரையில் நின்றார். பஸ் வேதாளையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு யோவான் 10 ஞாபகம் வரும், ஓநாய் வரும்போது கூலியாள் ஓடுகிற பகுதி. வராந்தாவில் தரையில் படுத்த எங்கள் பாஸ்டரும் ஞாபகம் வருவார். அந்த ராத்திரி அவர் ஓடவில்லை.

ஜூன் 3

கேள்வி கேட்ட தங்கச்சி திரும்ப வந்திருக்கிறார். மாமியார் சாப்பிடுகிறாராம், சந்தோஷம். வீட்டுக்காரர் கோபத்தில் இருக்கிறார், பாஸ்டரை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்கப் போவதாகச் சொல்கிறார்.

வேண்டாம். மத்தேயு 18ல் உள்ளபடி முதலில் தனியாக. அப்புறம் இரண்டு மூன்று பேரோடு. பெண்கள் ஒருவராவது கூட இருக்கட்டும், தட்டில் நகை போட்டது பெரும்பாலும் நாம்தான். வாயால் கேட்காமல் தாளில் எழுதிக் கொண்டு போங்கள்: வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, நிலம் யார் பெயரில், வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுவது எத்தனை பேர். இந்த நாலும் போதும். சபை சங்கமாகப் பதிவாகியிருந்தால், 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருடா வருடம் வரவு செலவைப் பதிவாளரிடம் கொடுத்திருக்க வேண்டும். அப்படியானால் கணக்கு ஏற்கெனவே இருக்கும், எடுத்துக் காட்டுவதுதான் பாக்கி.

கையில் 2 கொரிந்தியர் 8ஐயும் வைத்துக்கொள்ளுங்கள். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரைக் கூடச் சேர்த்துக்கொண்டார், யாரும் குற்றம் சொல்லாதபடி. பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டது என்று பணிவாகச் சொல்லுங்கள். அவர் நல்லவராக இருந்தால் அவருக்கும் அது ஒரு விடுதலை. எல்லாக் கணக்கையும் தனியாகச் சுமப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதைக் கம்பெனியில் சொன்னபோது நண்டு உடைக்கிற ஒரு பிள்ளை, "பாஸ்டரையும் நம்ம ஜன்னல்ல ஒரு நாள் உக்கார வைங்கக்கா, பழகிக்கிடுவாரு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவள் அதே சபைக்குப் போகிறவள்.

ஜூன் 13

தங்கச்சி எழுதியிருந்தார். நாலில் இரண்டுக்குப் பதில் வந்திருக்கிறது. நிலம் பாஸ்டர் பெயரில். கையெழுத்து ஒருவர்தான். வரவு செலவை ஆகஸ்டில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை சபைக்குப் போவதா வேண்டாமா என்று கேட்கிறார். போங்கள். போய் உங்கள் பாயில் உட்காருங்கள். வளையலை மட்டும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஆகஸ்டில் சொல்லவில்லை என்றால் இங்கே வந்து எழுதுங்கள், அதற்கு அடுத்ததை அப்போது யோசிப்போம்.

நாளை நள்ளிரவோடு தடை முடிகிறது. சாயங்காலம் படகு மந்திரிப்பு, சாமியார் படகு படகாக ஏறித் தண்ணீர் தெளிப்பார். ஞாயிறு இரண்டாம் பூசைக்கு அப்புறம் எங்கள் பங்கில் நிதிக்குழுவுக்குப் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். நான் கொடுத்துவிட்டேன். கோடு போட்ட நோட்டு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், இருநூறு பக்கம்.